வேலைக்குப் போகும் தாயும் ஆறாம் மாதத்துப் பிள்ளையும்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் விடியுமுன் மல்லிகைத் தோட்டத்தில் இறங்கி மொட்டு விரிவதற்குள் பறித்து முடிக்க வேண்டிய பெண்களும், நகரத்துக்குள்ளே விளக்குத்தூணைச் சுற்றிய ஜவுளிக்கடைகளில் இரவு வரை நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டும் பெண்களும், ஆஸ்பத்திரி வார்டுகளில் பகலும் இரவும் முறை மாற்றி உழைக்கும் நர்சுகளும், பள்ளிக்கூடங்களிலும் பாங்குகளிலும் சர்க்கார் ஆபீசுகளிலும் உத்தியோகம் பார்ப்பவர்களும், தொழிலாலும் வருமானத்தாலும் ஒருவருக்கொருவர் வெகுதூரம் விலகியிருந்தபோதிலும், பிள்ளை பெற்ற சில மாதங்களுக்குப் பின் ஒரே கேள்வியின் முன்னே வந்து நிற்கிறார்கள்: வேலைக்குத் திரும்பிவிட்டால் பிள்ளையின் பாலுக்கு என்ன வழி?

இக்கேள்விக்கு நம் வீடுகளில் சுலபமாகக் கிடைக்கும் விடை ஒன்று உண்டு. "ஆறு மாசம் ஆயிருச்சுல்ல தாயி, இனிமே சோத்தக் குடுத்துப் பழக்கு, பால மறக்கடிச்சிரு" என்று அப்பத்தாவோ அம்மாச்சியோ பரிவோடுதான் சொல்லுகிறாள். வேலைக்குப் போகிற மகளின் உடம்பு இளைக்கக் கூடாதே என்ற கவலையும், பிள்ளை பசித்து அழக் கூடாதே என்ற கவலையும் அந்த வார்த்தையில் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் அந்த யோசனை பிறந்ததற்குக் காரணம் பிள்ளையின் தேவையன்று. நாட்காட்டியில் நேர்ந்துவிட்ட ஒரு சந்திப்பே காரணம். தாயின் விடுப்பு முடிவதும் பிள்ளைக்கு முதல் ஆகாரம் கொடுக்க வேண்டியதும் ஏறக்குறைய ஒரே மாதத்தில் வந்து சேருகின்றன. இரண்டும் ஒன்றாக வருவதால், ஒன்றை மற்றதற்குப் பரிகாரமாக வைத்துவிடுகிறோம். சோறு வந்துவிட்டது, ஆகவே பால் போகலாம் என்று தீர்மானித்துவிடுகிறோம்.

சிசு வைத்தியம் சொல்வது வேறு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டியதில்லை. அதன்பின் வீட்டு ஆகாரத்தைச் சேர்த்துக்கொண்டே, இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முன்பு நாலு முதல் ஆறு மாதம் என்றிருந்த எல்லையை ஆறு மாதம் என்று திட்டமாக வகுத்தது 2001-ஆம் ஆண்டு உலக சுகாதார சபை. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை குழந்தைக்கு வேண்டிய சக்தியில் பாதியையோ அதற்கு மேலோ தாய்ப்பாலே தர முடியும். இரண்டாம் வயதிலும் மூன்றில் ஒரு பங்கை அது தரும். ஆகவே ஆறாம் மாதத்தில் வரும் சோறு, பாலின் இடத்தைப் பிடிக்க வரவில்லை, பாலோடு கூட இருக்கவே வருகிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், வேலைக்குப் போவதும் பால் கொடுப்பதும் ஒன்றையொன்று விலக்க வேண்டியவை என்ற பிரமை நீங்கிவிடும். பிறகு மிஞ்சுவது, இரண்டையும் எப்படி ஏற்பாடு செய்வது என்ற காரியக் கேள்வி மட்டுமே.

சட்டம் போட்ட கணக்கு

பால் கொடுக்கும் தாய்க்கு வேலையிடத்தில் அவகாசம் தர வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடே, பால் கொடுக்கும் தாய் வேலை நேரத்துக்குள் தினம் இரண்டு முறை அரை அரை மணி நேரம் பிள்ளைக்கென்று எடுத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கையில் எழுதி வைத்தது. நம் தேசத்தில் பம்பாய் மாகாணம் 1929-லும் சென்னை மாகாணம் 1934-லும் பிரசவகால நன்மைக்குச் சட்டம் செய்தன. சுதந்திரத்துக்குப் பின் 1961-இல் நாடு முழுமைக்கும் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 2017-இல் அது திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய் வரலாம் என்றும், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரத்தோடு கூடப் பால் கொடுக்க இரண்டு இடைவேளைகள் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்லுகிறது. இவ்விதிகள் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றன. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் நிலை இன்னும் மேலானது. அவர்களுடைய மகப்பேறு விடுப்பு 2011-இல் ஆறு மாதமாகவும், 2016-இல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை முதல் ஒரு வருஷமாகவும் வளர்ந்திருக்கிறது.

காகிதத்தில் பார்க்கும்போது 26 வாரம் என்பது ஆறு மாதத்தோடு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பிரசவத்துக்கு முன்னரே எட்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்ற வசதியை ஒருத்தி முழுதும் பயன்படுத்திக்கொண்டால், அவள் வேலைக்குத் திரும்பும் நாளில் பிள்ளைக்கு வயது 18 வாரம், அதாவது நாலு மாதம் சொச்சம்தான். அந்தப் பிள்ளைக்குச் சோறூட்டும் காலம் இன்னும் வரவில்லை. பால் ஒன்றே அதற்கு ஆகாரம். இந்த ஏறக்குறைய இரண்டு மாத இடைவெளியில்தான் டப்பாப் பாலும் பாட்டிலும் வீட்டுக்குள் நுழைகின்றன. நேரத்துக்கு முன்பே கூழும் பிஸ்கட்டும் நுழைகின்றன. ஆதலால் உடல்நிலை இடம்கொடுக்குமானால், விடுப்பில் பெரும்பகுதியைப் பிரசவத்துக்குப் பின்னே வரும்படி வைத்துக்கொள்வது வைத்தியரோடு கலந்து யோசிக்க வேண்டிய முதல் விஷயம்.

சட்டத்தின் கைக்கு எட்டாத பெண்களின் கதை இன்னொன்று. பூப்பறிப்பவள், நாற்று நடுபவள், சித்தாள் வேலைக்குப் போகிறவள் இவர்களுக்கு விடுப்பு என்று எழுதிக் கொடுப்பார் யாரும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழ்நாடு அரசு 1987 முதல் நடத்திவரும் மகப்பேறு உதவித்திட்டத்தின் தொகை 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. கூலி இழந்த மாதங்களுக்கு அது ஓரளவு கைகொடுக்கிறது. ஆயினும் இப்பெண்களுக்கு ஆபீஸ் பெண்களுக்கு இல்லாத ஒரு சௌகரியம் முன்பு இருந்தது. வயல் வரப்பில் நிற்கும் வேம்பிலோ புளியிலோ சேலையால் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, அழுதபோது கரையேறிப் பால் கொடுத்துவிட்டு மறுபடி நாற்றைப் பிடிப்பார்கள். வயல் விடுப்பைத் தரவில்லை, ஆனால் பிள்ளையை அனுமதித்தது; ஆபீஸ் விடுப்பைத் தருகிறது, பிள்ளையை அனுமதிப்பதில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில், வேலைக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால், அப்பெண்களில் ஒருத்தியைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நியமித்து அவளுக்கும் கூலி தர வேண்டும் என்ற விதி, அந்தப் பழைய மரத்தடி ஏற்பாட்டுக்கு அரசு தந்த அங்கீகாரமே ஆகும்.

பால் ஊறும் விதம்

வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் "பால் வத்திப்போச்சு" என்று பல தாய்மார்கள் மனம் சோர்ந்து சொல்லுகிறார்கள். வற்றியது உண்மையாகவே இருக்கலாம்; ஆனால் அதற்குக் காரணம் உடம்பின் பலவீனம் என்று எண்ணுவது பெரும்பாலும் தவறு. குழந்தை சப்பும்போது நரம்புகள் வழியே செய்தி மூளைக்குப் போய், புரோலாக்டின் என்னும் ஹார்மோன் பாலைச் சுரக்கச் செய்கிறது. ஆக்ஸிடோசின் என்னும் மற்றொரு ஹார்மோன் சுரந்த பாலை மார்பின் நுண்ணறைகளிலிருந்து வெளியே தள்ளுகிறது. பால் மார்பிலேயே தேங்கி நின்றால், இனிச் சுரக்க வேண்டாம் என்ற குறிப்பும் அங்கேயே உண்டாகிவிடுகிறது. இறைத்த கிணறு ஊறும் என்பது போல, எவ்வளவு எடுக்கப்படுகிறதோ அவ்வளவே மறுபடி ஊறும். ஆகவே பகலில் எட்டு மணி நேரம் பிள்ளையைப் பிரிந்திருக்கும் தாய் அந்நேரத்தில் பாலை எடுக்காமலே விட்டால், முதலில் மார்பில் பால் கட்டிக்கொண்டு கடுக்கும். சில நாளில் கடுப்பு அடங்கும். அடங்கியது நிம்மதி போலத் தோன்றினாலும், சுரப்பு குறைந்துவிட்டது என்பதே அதற்கு அர்த்தம்.

இங்கே மதுரைக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. பால் வற்ற வேண்டுமென்றால் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது தென்னாட்டுப் பாட்டிமார் அறிந்த வைத்தியம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் இதைப் பரிசோதித்து, பாலை நிறுத்த அக்காலத்தில் கொடுக்கப்பட்டு வந்த புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு, பூவும் பலன் தருகிறது என்று 1988-இல் வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்தது மார்பின்மேல் வைத்துக் கட்டிய பூவை; தலையில் சூடுவதையும் தோட்டத்தில் பறிப்பதையும் அவர்கள் சோதிக்கவில்லை. ஆதலால் பூப்பறிக்கும் பெண்ணுக்குப் பால் குறைந்தால், பூவின்மேல் பழியைப் போடுவதற்கு முன் அவள் பிள்ளையைப் பிரிந்திருக்கும் மணிநேரத்தை எண்ணிப் பார்ப்பதே சரி.

பரிகாரம் எளிது, பழகிக்கொள்ளச் சற்றுப் பொறுமை வேண்டும். வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கையால் பாலைப் பீய்ச்சி எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, மார்பை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, மெல்ல நீவி, கருவட்டத்தின் ஓரத்துக்குச் சற்றுப் பின்னே மேலே கட்டைவிரலும் கீழே மற்ற விரல்களுமாக வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்திப் பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோலின்மேல் விரலை வழுக்கித் தேய்ப்பதும் காம்பைப் பிடித்து இழுப்பதும் கூடா. அவை வலியைத் தருமேயன்றிப் பாலைத் தரமாட்டா. விரல்களைச் சுற்றிச் சுற்றி இடம் மாற்றி, இரு மார்பிலும் மாறி மாறி, இருபது முப்பது நிமிஷம் எடுத்தால் போதும். விலையுள்ள பம்ப் வசதியுள்ளவர்களுக்குச் சௌகரியம். இல்லாதவர்களுக்குக் கையே போதுமானது. வேலையிடத்தில் சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுப்பதும், புறப்படுமுன்னும் திரும்பியவுடனும் பிள்ளைக்கு நேரே கொடுப்பதும், இரவுப் பாலை விடாமலிருப்பதும் சுரப்பைக் காப்பாற்றும். இரவில் புரோலாக்டின் அதிகமாகச் சுரப்பதால், ராத்திரிப் பால் கொடுக்கும் தாய்க்குப் பகல் பாலும் நிலைக்கும். பகலெல்லாம் கொஞ்சமாகக் குடித்துவிட்டு இரவில் அடிக்கடி எழுந்து கேட்கும் பிள்ளைகளும் உண்டு. அது தாயைக் கண்ட பிள்ளையின் இயல்பு, பால் போதவில்லை என்பதன் அடையாளம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது.

எடுத்த பாலைக் காப்பாற்றுவதில் மதுரை வெயிலை மறக்கக் கூடாது. அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் வைக்கலாம் என்று புத்தகங்கள் கூறுவது 25 டிகிரிக்கு மேற்படாத அறைக்கு. மதுரையில் சித்திரை வைகாசியில் அப்படிப்பட்ட அறை குளிர்சாதனம் இல்லாமல் கிடைக்காது. ஆகவே எடுத்தவுடனே பிரிட்ஜில், அதுவும் கதவுப் பக்கத்துத் தட்டில் இல்லாமல் உள்ளே தள்ளி வைப்பதே நல்லது. நன்கு குளிரும் பிரிட்ஜில் நாலு நாள் வரை அது கெடாது என்றாலும், கரண்ட் போய்வரும் வீடுகளில் ஒரு நாளுக்குள் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். ஆபீசில் பிரிட்ஜ் இல்லாவிட்டால், ஐஸ் பேக் வைத்த பையில் அன்றைப் பொழுது முழுதும் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவரலாம். மூடியுள்ள எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரங்களைக் கொதிக்க வைத்து உலர்த்தி, ஒரு வேளைக்கு ஆகும் அளவாக ஊற்றி, தேதியும் மணியும் குறித்து வைக்க வேண்டும். கொடுக்கும்போது வெந்நீருள்ள கிண்ணத்தில் பாத்திரத்தை வைத்துச் சூடேற்றினால் போதும். அடுப்பில் காய்ச்சவும் வேண்டாம், மைக்ரோவேவில் வைக்கவும் வேண்டாம். பிள்ளை குடித்து மிஞ்சியதை மறுவேளைக்கு எடுத்து வைக்கக் கூடாது.

கொடுக்கும் கருவியைத் தேடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. நம் பாட்டிமார் சங்கு என்றும் பாலாடை என்றும் வழங்கிய, மூக்குள்ள சிறு கிண்ணமே போதும். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்குப் பால் புகட்ட இந்தியாவெங்கும் ஆஸ்பத்திரிகளில் இன்று கையாளப்படுவது இந்தப் பாலாடைதான்; வைத்தியப் பத்திரிகைகளிலும் அது அதே பெயரோடு நுழைந்துவிட்டது. மூலைமுடுக்கில்லாத பாத்திரமாகையால் கழுவுவது சுலபம், கிருமி தங்குவதற்கு இடமில்லை. ரப்பர் காம்பில் பழகிய பிள்ளை தாயின் மார்பை மறுக்கும் தொல்லையும் இல்லை. பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு, உதட்டோரத்தில் பாலாடையைத் தொட்டு, அது தானாக உறிஞ்சும்படி மெல்லச் சாய்க்க வேண்டும். வாயை அமுக்கிக் கவிழ்த்து ஊற்றுகிற பழைய முரட்டு முறையில் புரை ஏறும் அபாயம் உண்டு. இந்த வேலையைத் தாயைவிட அப்பத்தாவோ தகப்பனோ செய்வதே நல்லது. தாயின் வாசனை அருகிலிருக்கும்போது பாலாடையை ஒப்புக்கொள்ளப் பிள்ளைக்கு என்ன நிர்ப்பந்தம்?

அடுப்படியில் ஆறாம் மாதம்

ஆறு மாதம் முடிவதற்குள், கத்திரி வெயிலாகவே இருந்தாலும், தனித் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் 100-க்கு 87, 88 பங்கு தண்ணீரே இருக்கிறது. ஆறு மாதம் முடிந்தபின் பிள்ளைக்கு முக்கியமாகக் குறையத் தொடங்குவது இரும்புச் சத்து. கருவிலிருக்கும்போது தாயிடமிருந்து சேமித்துக்கொண்ட இரும்பு அதற்குள் கரைந்துவிடுகிறது. தாய்ப்பாலிலோ ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பே உண்டு. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளில் போதுமான, பலவகைப்பட்ட ஆகாரம் பெறுவோர் இந்தியா முழுதும் 100-க்கு சுமார் 11 பேரே என்றும் அது கணக்கிடுகிறது. வறுமை இதற்கு ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நெல்லும் பருப்பும் முட்டையும் உள்ள வீடுகளிலும் பிள்ளையின் கிண்ணத்தில் பருப்புத் தண்ணீரும் கஞ்சித் தண்ணீரும் மட்டுமே விழுவது இன்னொரு காரணம். வயிறு சிறிது, அதை நீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமேது?

கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் நிற்கிற பக்குவமே முதல் ஆகாரத்துக்கு இலக்கணம். குழைய வேகவைத்த பச்சரிசியும் பாசிப்பருப்பும் மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்ட குழைசாதம். மதுரைக்குப் பேர்போன மல்லிகைப்பூ இட்லியை வெந்நீரில் உதிர்த்துப் பிசைந்தது. சிறுமலை வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசித்தது. வேகவைத்த பூசணியும் காரட்டும்: இவையெல்லாம் வீட்டிலேயே உள்ளவை. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து, அரைத்துச் சலித்துக் காய்ச்சும் வழக்கம் நம் பெண்களின் அனுபவ சாஸ்திரம். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் அமைலேஸ் என்னும் நொதி மாவுப் பொருளைச் சிதைப்பதால், கூழ் கட்டியாகாமல் இளகி நிற்கும். ஆகவே ஒரே கிண்ணத்தில் அதிக மாவைச் சேர்த்துக் காய்ச்ச முடிகிறது, பிள்ளைக்கு விழுங்கவும் எளிதாகிறது. முளைகட்டுவதால் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும் ஃபைடேட் என்னும் பொருளும் குறைகிறது.

அசைவம் உண்ணும் வீடுகளில் அதைப் பிள்ளைக்கு ஒரு வயது, ஒன்றரை வயது என்று தள்ளிப்போடுகிறார்கள். தேவையில்லை. நன்றாக வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், ஆட்டு ஈரல், மதுரையில் விரும்பி உண்ணப்படும் சுவரொட்டி என்னும் மண்ணீரல் இவற்றை மசித்துச் சோற்றோடு சேர்த்துக் கொடுக்க ஆறு மாதத்துக்குப் பின் தடையில்லை; இறைச்சியிலுள்ள இரும்பு கீரையிலுள்ள இரும்பைவிட எளிதில் உடம்பில் சேரும். ஈரலில் வைட்டமின் ஏ மிகுதியாக இருப்பதால் சிறிதளவாக, வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். சைவ வீடுகளில் பருப்பும் முளைகட்டிய பயறும் கீரையும் கொடுத்து, இரண்டு சொட்டு எலுமிச்சையோ பழமோ கூடச் சேர்த்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர்வதற்குத் துணை செய்யும். கிராம சுகாதார நர்சு வழியாகக் கிடைக்கும் இரும்புச் சத்துத் துளியை வாரத்துக்கு இரண்டு முறை கொடுப்பதில் சிரத்தை வேண்டும். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமிவித்து சிசுவின் குடலில் நஞ்சை உண்டாக்கும். பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை தொடும் சம்பிரதாயத்தில் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் விடுவதை, அன்பின் பெயரால் செய்தாலும், விட்டுவிட வேண்டியதுதான். பசும்பாலை ஒரு வயதுக்கு முன் பானமாகக் கொடுப்பதும், உப்பும் சர்க்கரையும் சேர்ப்பதும், முழு வேர்க்கடலை, திராட்சை போன்ற தொண்டையில் சிக்கும் பண்டங்களைக் கொடுப்பதும் விலக்கத்தக்கவை.

அளவிலும் ஒரு நிதானம் உண்டு. இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, ஏழு எட்டு மாதத்தில் நாளைக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நாலு வேளை, வேளைக்கு அரைக் கிண்ணம். ஒரு வயதுக்குப் பின் முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை. இடையிடையே பழமோ இட்லித் துண்டோ. பாலிலிருந்து கிடைப்பதற்கு மேல் ஆகாரத்திலிருந்து வேண்டிய சக்தி ஏழு எட்டு மாதத்தில் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி, ஒன்பது முதல் பதினோரு மாதத்தில் 300, இரண்டாம் வயதில் 550 என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. புதிய பண்டம் ஒன்றை மூன்று நாலு நாள் தொடர்ந்து கொடுத்துப் பார்த்து, அதன்பின் அடுத்ததற்குப் போனால், ஒவ்வாமை எதனால் வந்தது என்று கண்டுகொள்ளலாம். துப்பிவிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. நாக்கு இன்னும் பழகவில்லை. வேலைக்குப் போகும் தாய்க்கு இதில் ஒரு யுக்தி சொல்லலாம்: புதிய பண்டத்தை அவள் வீட்டிலிருக்கும் நாளில் தொடங்கி, பிள்ளை பழகிய பண்டத்தையே அவள் இல்லாத நாட்களில் பாட்டி கையில் ஒப்படைப்பது. இருவருக்கும் கலக்கமில்லை, பிள்ளைக்கும் இல்லை.

கொட்டாம்பட்டியில் கற்ற பாடம்

இவ்வளவும் படித்த குடும்பங்களுக்குச் சாத்தியம், கூலிக்குப் போகிறவளுக்கு எப்படி என்று கேட்கலாம். அக்கேள்விக்கு மதுரைச் சமவெளியே ஒரு காலத்தில் விடை தேடியிருக்கிறது. உலக வங்கியின் உதவியோடு 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம் முதன்முதலில் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது, மதுரைக்கு வடகிழக்கே மேலூரைத் தாண்டித் திருச்சி சாலையிலுள்ள கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். அதன் விசேஷம், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே கணக்காக உணவு வழங்காமல், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளையே குறிவைத்தது. அந்தந்த ஊர்ப் பெண் ஒருத்தியே சத்துணவுப் பணியாளராக நியமிக்கப்பட்டு, மாதந்தோறும் பிள்ளைகளை எடைபோட்டு அட்டையில் கோடு போட்டாள். கோடு மேலேறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுத்து, எடை தேறியதும் நிறுத்தினாள். கூடவே பால் கொடுப்பதையும் வீட்டுச் சோற்றைப் பக்குவமாகக் கொடுப்பதையும் தாய்க்குச் சொல்லித் தந்தாள்.

அத்திட்டம் நடந்த வட்டாரங்களில் கடுமையான சத்துக்குறைவு கணிசமாகக் குறைந்தது. அது காட்டிய உண்மை இரண்டு. பிள்ளை நோஞ்சானாவது பிறந்தவுடனேயும் இல்லை, பள்ளிக்குப் போகும்போதும் இல்லை. பாலும் சோறும் கைமாறும் அந்த ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவிலேதான். மேலும், பிள்ளை மெலிந்த பிறகு கண்ணால் கண்டுகொள்வதைவிட, எடை ஒரு மாதம் ஏறாமல் நின்றபோதே தராசால் கண்டுகொள்வது எளிது, செலவும் குறைவு. இன்று அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த சத்துமாவு வீட்டுக்கே தரப்படுகிறது, எடையும் பார்க்கப்படுகிறது. வேலைக்குப் போகும் தாய் பிள்ளையோடு மாதம் ஒருமுறை அங்கே போக முடியாவிட்டால், அப்பத்தாவை அனுப்பியாவது அந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்குத் திரும்பியதால் பிள்ளைக்குக் குறை வந்ததா இல்லையா என்ற தாயின் மனக்குறைக்கு, ஊரார் வாய் தரும் தீர்ப்பைவிட அந்தக் கோடு தரும் தீர்ப்பே நம்பத்தக்கது.

இனிக் கேட்க வேண்டியவை

பொது இடங்களில் பால் கொடுப்பதற்கு 2015 ஆகஸ்டில் தமிழ்நாடெங்கும் பஸ் நிலையங்களில் 352 தாய்மார் அறைகள் திறக்கப்பட்டன. மதுரை உள்பட ஏழு அரசு ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கி என்ற ஏற்பாடும் அப்போதுதான் அறிவிக்கப்பட்டது. பயணம் செய்யும் தாய்க்கு அறை கிடைத்தது. நாள் முழுதும் ஒரே இடத்தில் வேலை பார்க்கும் தாய்க்குத்தான் இன்னும் பெரும்பாலும் கிடைக்கவில்லை. 2021-இல் தமிழ்நாடு சட்டசபை கடைகளில் நின்று வேலை பார்ப்போருக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் செய்தது. அதேபோல, ஒரு நாற்காலியும் ஒரு தாழ்ப்பாளும் கைகழுவத் தண்ணீரும் ஒரு சிறு பிரிட்ஜும் உள்ள ஒரு மூலையை ஒவ்வொரு ஜவுளிக்கடையும் ஆஸ்பத்திரியும் ஒதுக்குவது பெரிய முதலீடு ஒன்றுமில்லை. 50 பேர் இல்லாத கடைக்குக் காப்பகம் கட்டாயமில்லை. ஆனால் ஒரே தெருவிலுள்ள பத்துக் கடைகள் கூடி ஒரு காப்பகம் நடத்துவதைத் தடுப்பார் யாருமில்லை. பூப்பறிக்கும் ஊர்களில் வேலை தொடங்குவது விடியுமுன், அங்கன்வாடி திறப்பதோ காலை வெயில் ஏறியபின்; அந்த ஊர்களிலாவது பறிப்புக் காலத்தில் நேரத்தை முன்னே தள்ளி வைப்பது பற்றி அதிகாரிகள் யோசிக்கலாம்.

டப்பாப் பால் விளம்பரத்தை 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துவிட்டது. 2003-இல் அது இன்னும் இறுகியது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான உணவையும் விளம்பரம் செய்யக் கூடாது, டப்பாவில் குழந்தையின் படம் போடக் கூடாது. எனினும் விளம்பரம் செய்யாத வேலையை, இடமில்லாத ஆபீசும் நேரமில்லாத மேலதிகாரியும் செய்துவிடுகிறார்கள். மருத்துவக் காரணத்தால் டப்பாப் பால் அவசியமாகும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய தாய்மார் மனம் குன்ற வேண்டியதில்லை, வைத்தியர் சொற்படி நடந்தால் போதும். ஆனால் பாலிருந்தும், விருப்பமிருந்தும், ஒதுங்க ஒரு மூலையில்லாததால் நிறுத்துகிறவளின் இழப்பு தடுத்திருக்கக் கூடிய இழப்பு.

ஆகவே கருவுற்ற பெண்ணுக்குச் சொல்லக்கூடியது இதுதான்: வளைகாப்புக்கு நாள் பார்க்கும் அதே மாதத்தில், நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடு. எத்தனை வாரம் முன்னும் எத்தனை வாரம் பின்னும் விடுப்பு வேண்டும், திரும்பியபின் பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை எந்தெந்த நேரத்தில் இரண்டு இடைவேளைகள் வேண்டும், எந்த அறையில் ஒதுங்கலாம், பாலை எங்கே குளிர வைக்கலாம் என்பதைப் பெயரோடும் மணியோடும் எழுது. வாய்வார்த்தையாகக் கேட்டால் தயவாகத் தோன்றுவது, எழுத்தில் கேட்டால் உரிமையாக நிற்கும். வீட்டிலும் அதே கணக்கை முன்கூட்டியே பேசு: எடுத்த பாலை யார் புகட்டுவது, முதல் குழைசாதத்தை யார் மசிப்பது, ராத்திரிப் பால் கொடுத்துக் களைத்தவளுக்கு விடியற்காலை அடுப்பை யார் பற்றவைப்பது. இவற்றுக்கெல்லாம் பதில் பிள்ளை பிறக்குமுன் கிடைத்துவிட்டால், ஆறாம் மாதத்தில் எதை நிறுத்துவது என்ற பேச்சுக்கே அவசியம் வராது.